குழு ப்ராஜெக்ட் ஒப்படைப்பும் மதிப்பெண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றாம் ஆண்டு சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு மென்பொருள் செய்கிறீர்கள். நடுவில் இரண்டு ரிவ்யூ, கடைசியில் ஒப்படைப்பு, அப்புறம் வைவா (வாய்மொழித் தேர்வு). 100 மார்க்கில் 60 குழுவுக்கு, 40 ஆளுக்கு. அந்த 40-இல் வைவாவுக்கு 25, செமஸ்டர் முழுக்க நீங்கள் செய்த வேலைக்கு 15. லேபிலும் காரிடாரிலும் ராத்திரி வாட்ஸப்பிலும் நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குழுவை நாங்களே சேர்த்துக்கலாமா சார்?

பாதி. இரண்டிரண்டு பேராகப் பெயர் கொடுங்கள், ஜோடிகளை நான் சேர்க்கிறேன். நான்கு பேரையும் நீங்களே சேர்த்தால் ஹாஸ்டலில் ஒரே ரூமில் இருப்பவர்கள் ஒரு குழு ஆகிவிடுகிறார்கள். தாராபுரத்திலிருந்தும் கோபியிலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள் கடைசியில் மிச்சமாக நிற்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கலந்த குழுவில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டலில் மூன்று பேர் பேசி டேட்டாபேஸை மாற்றிவிட்டு, காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவரிடம் 'மாத்திட்டோம்' என்று சொல்வது சேர்ந்து செய்வது ஆகாது. முடிவு எதுவானாலும் ரெப்போவின் (குழுவின் வேலையெல்லாம் இணையத்தில் சேரும் இடம்) இஷ்யூ பக்கத்தில், அதாவது பேச்சையும் பிழையையும் குறித்து வைக்கும் பக்கத்தில், இரண்டு வரி எழுதுங்கள். எல்லோரும் பார்த்துச் சரி சொன்ன பிறகு கோடை (நிரலை) மாற்றுங்கள்.

என்ன தலைப்பு எடுப்பது?

லைப்ரரி மேனேஜ்மென்ட், ஸ்டூடன்ட் அட்டெண்டன்ஸ் இரண்டையும் விட்டுவிடுங்கள். இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. எடுத்தால் உங்கள் வேலை எது, இறக்கியது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மஞ்சள் ஏலம் தெரியும். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. ஒரே நாளில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒன்று, சொசைட்டியில் இன்னொன்று. குறைந்த விலை, அதிக விலை இரண்டையும் குவிண்டால் கணக்கில் போடுவார்கள். இதை டேட்டாபேஸில் 'மஞ்சள் விலை' என்று ஒரே கட்டத்தில் அடைக்கவே முடியாது. அந்த இடத்தில்தான் டிசைன் பாடம் தொடங்குகிறது. திருப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பனியன் கம்பெனியின் பீஸ் ரேட் (பீஸுக்கு இத்தனை என்ற கூலி) கணக்கு தெரியும். ஓவர்லாக் தையலுக்கு ஒரு கூலி, சிங்கர் தையலுக்கு ஒரு கூலி, செக்கிங்குக்கு ஒரு கூலி, வாரக் கடைசியில் பட்டுவாடா. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிற வீட்டில் அடிக்கு இத்தனை என்று ஆழத்துக்கு ஏற்ப மாறும் ரேட் இருக்கும். அப்பாவிடம் அரைமணி நேரம் கேட்டாலே நல்ல ப்ராஜெக்ட் கிடைத்துவிடும்.

தலைப்பு சின்னதாக இருக்கட்டும். ஆறு பக்கம் கொண்ட ஆப் முழுசாக ஓடுவது, இருபது பக்கத்தில் பாதி ஓடுவதைவிட அதிக மார்க் வாங்கும்.

பெரியப்பா கம்பெனியின் நிஜக் கணக்கையே போட்டுக் காட்டலாமா?

கூடாது. வேலை செய்கிறவர்களின் பெயர், போன் நம்பர், வாங்கும் கூலி எதுவும் ரெப்போவுக்குள் வரக்கூடாது, ரெப்போ பிரைவேட்டாக இருந்தாலும்தான். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், ஒரு அக்கா வாரம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது நம் வகுப்பில் அறுபது பேருக்குத் தெரிய வேண்டியதில்லை. கணக்கின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பெயரையும் தொகையையும் நீங்களே புனைந்து நிரப்புங்கள்.

ஜிப் ஃபைல் அனுப்பினால் போதுமா?

போதாது. கிட்ஹப்பில் குழுவுக்கு ஒரு ரெப்போ. முடித்ததும் 'ஃபைனல்' என்று ஒரு டேக் (அந்த நேரத்து நிலையைக் குறிக்கும் அடையாளம்) போட்டு, அந்த டேகின் லிங்கை வகுப்புப் படிவத்தில் கொடுங்கள். டேகுக்குப் பிறகு நீங்கள் எதைத் திருத்தினாலும் நான் பார்ப்பதில்லை.

ரெப்போவில் கோடு, டெஸ்ட்டுகள் (கோடு சரியா என்று சோதிக்கும் கோடு), மாதிரி டேட்டா, ரீட்மீ (எப்படி நிறுவி ஓட்டுவது என்ற குறிப்பு) இந்த நான்கும் இருந்தால் போதும். இறக்கி வைக்கிற லைப்ரரிகள் (நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர், பைத்தானின் வென்வ்) வரக்கூடாது. அவற்றை கிட்இக்னோர் ஃபைலில் எழுதிவிடுங்கள். 100 எம்பிக்கு மேல் போன ஃபைலை கிட்ஹப் ஏற்றுக்கொள்ளவே செய்யாது. டெமோ வீடியோவைப் போட்டுவிட்டுக் கடைசி மணி நேரத்தில் புஷ் ஆகாமல் (கிட்ஹப்புக்கு ஏறாமல்) தவிக்கும் குழு வருஷம் தவறாமல் ஒன்று இருக்கிறது.

'எங்க லேப்டாப்ல ஓடுதுங்க சார்' என்றால்?

என் மெஷினிலும் ஓட வேண்டும். நான் லினக்ஸில் ரெப்போவைப் புதிதாக இறக்கி, ரீட்மீயில் எழுதியிருப்பதை வரி வரியாகச் செய்வேன். அதில் இல்லாத எதையும் நானாக ஊகித்துச் செய்ய மாட்டேன்.

பெரும்பாலும் மாட்டுகிற இடங்கள் மூன்று. முதலாவது, 'சி டிரைவ், யூசர்ஸ், டெஸ்க்டாப்' என்று உங்கள் மெஷினின் முழுப் பாதையையே கோடுக்குள் எழுதிவிடுவது. இரண்டாவது, ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. லோகோ என்ற படத்தின் பெயர் பெரிய 'எல்'லில் தொடங்கி, கோடில் சின்ன 'எல்'லில் இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் அந்த ஃபைலே இல்லை என்று சொல்லிவிடும். மூன்றாவது, லைப்ரரிகளின் பட்டியலும் வெர்ஷனும் இல்லாதது.

ஒப்படைக்கும் முன்பு வேறொரு குழு நண்பரின் லேப்டாப்பில், நீங்கள் வாயே திறக்காமல், அவரே ரீட்மீயைப் படித்து ஓட்டிப் பார்க்கட்டும். அவர் எங்கே நின்று உங்களை ஏறிட்டுப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

எங்க ஊட்டுல நெட் இல்லைங்க. தோட்டத்துல சிக்னலே வராது. எப்படி கம்மிட் போடறது?

கம்மிட் என்பது செய்த மாற்றத்தை உங்கள் மெஷினிலேயே பதிவது, அதற்கு நெட் வேண்டாம். இதைப் பலரும் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக கிட்டை (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) எழுதியபோதே, ஒவ்வொருவர் மெஷினிலும் முழு வரலாறும் இருக்கும்படிதான் அமைத்தார். தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் பத்து கம்மிட் போடலாம். திங்கட்கிழமை காலேஜுக்கு வந்து ஒருமுறை புஷ் செய்தால் பத்தும் அதனதன் நேரத்தோடு ஏறிவிடும்.

லேப்டாப்பே இல்லாதவர்கள் என்னிடம் தனியாக வந்து சொல்லுங்கள். லேபில் மாலை நேரம் ஒதுக்கித் தருகிறேன். அதற்குக் காரணம் எதையும் நான் கேட்க மாட்டேன்.

லேபில் நான் போட்ட கம்மிட் வேறு யாரோ பெயரில் வருகிறது. என் மார்க் போய்விடுமா?

போகாது, ஆனால் உடனே சரிசெய்யுங்கள். காலையில் அந்த மெஷினில் உட்கார்ந்தவர் தன் பெயரையும் மெயிலையும் கிட்டில் பொதுவாகப் பதித்துவிட்டுப் போயிருப்பார். மதியம் நீங்கள் செய்ததெல்லாம் அவர் கணக்கில் விழும். லேப் மெஷினில் ரெப்போவை இறக்கியதும் அந்த ரெப்போவுக்கு மட்டும் உங்கள் பெயரையும் மெயிலையும் கிட் கான்ஃபிக்கில் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தப்பாகப் பதிந்ததை எந்தத் தேதி, எந்த கம்மிட் என்று இஷ்யூவில் எழுதி, இன்னொரு குழு உறுப்பினர் 'ஆமாம்' என்று கீழே சொன்னால் போதும். பழைய வரலாற்றை மாற்றி எழுதப் போக வேண்டாம். மற்ற மூவரின் ரெப்போவும் குழம்பிப்போகும்.

இரண்டு பேர் ஒரே மெஷினில் உட்கார்ந்து எழுதினால், கம்மிட் செய்தியின் கடைசியில் 'கோ-ஆதர்ட்-பை' வரியில் இன்னொருவர் பெயரைச் சேருங்கள். இருவருக்கும் கணக்கு வரும். மெர்ஜ் செய்யும்போது (உங்கள் கோடைக் குழுவின் கோடோடு சேர்க்கும்போது) 'ஸ்குவாஷ்' மட்டும் வேண்டாம். கம்மிட்டெல்லாம் ஒன்றாகச் சுருங்கி, வேலை எப்படி வளர்ந்தது என்பதே தெரியாமல் போகும்.

கம்மிட் எண்ணிக்கைக்குத்தான் மார்க்கா?

இல்லை. எண்ணிக்கையும் பார்ப்பதில்லை, வரிக் கணக்கும் பார்ப்பதில்லை. கோடின் இடைவெளியைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரை ஒருமுறை ஓட்டினால் ஆயிரம் வரி உங்கள் பெயருக்கு வந்துவிடும். மூன்று நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த பிழைக்குத் திருத்தம் ஒரே வரியாக இருக்கும். அந்த ஒரு வரிக்கு நல்ல கம்மிட் செய்தி எழுதியிருந்தால் அதற்குத்தான் மதிப்பு. 'அப்டேட்', 'சேஞ்சஸ்', 'ஃபைனல் ஃபைனல்' என்றெல்லாம் எழுதினால் எனக்கு எதுவும் புரியாது. 'லீவு நாளில் கூலி இரண்டு தடவை சேர்ந்தது, சரிசெய்தேன்' என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

நான் பார்ப்பது வேலை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை. பன்னிரண்டு வாரத்தில் ஒன்பது வாரம் ஏதாவது செய்தவருக்கும் கடைசி இரண்டு ராத்திரியில் எல்லாம் செய்தவருக்கும் மார்க் ஒன்றாக வராது.

குழுவில் ஒருத்தர் எதுவுமே செய்வதில்லை. என்ன பண்ணுவது?

முதலில் அவரிடமே பேசுங்கள். மூன்று பேர் சேர்ந்து போய் நிற்க வேண்டாம், ஒருவர் மட்டும் பேசுங்கள். செய்யாமல் இருப்பவர்களில் சோம்பேறிகள் குறைவு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அதிகம். முதல் ரிவ்யூவுக்குள் மற்றவர்கள் வேகமாக ஓடிவிட்டார்கள், இப்போது கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்று ஒதுங்கி நிற்பார். அவருக்கு ஒரு சின்ன வேலையை முழுசாகக் கொடுங்கள். 'ஹெல்ப் பண்ணு' என்று சொல்லாமல், 'பட்டுவாடா ரசீது பிரிண்ட் ஆகும் பக்கம் உன்னோடது, வெள்ளிக்கிழமைக்குள்ள' என்று சொல்லுங்கள்.

இரண்டு வாரம் பார்த்தும் அசையவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். இரண்டாம் ரிவ்யூவுக்கு முன்பே வாருங்கள். ஒப்படைப்புக்கு முதல் நாள் வந்து சொன்னால் என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். 'பாவம், ஒரே ஊர்க்காரன், சார்கிட்ட எப்படிச் சொல்றது' என்று நினைத்து மறைப்பது அவனுக்கு நல்லது செய்வது ஆகாது. வைவாவில் அவனேதான் தனியாக உட்கார வேண்டும்.

நானே முழுக்கச் செய்துவிட்டேன். எனக்கு முழு மார்க் உண்டா?

ஆளுக்கான மார்க் நன்றாக வரும். குழு மார்க் குறையும். மற்ற மூவருக்கும் புரியாத கோடு எழுதிவைத்தால் டிசைனிலும் ஆவணத்திலும் அது தெரிந்துவிடும். மெர்ஜ் செய்யும் முன்பு இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். யாரும் படிக்காமல், வந்த வேகத்தில் ஓகே கொடுத்தது நேரத்தைப் பார்த்தாலே தெரியும்.

டாக்குமென்டேஷனும் பிபிடியும் மட்டும் செய்தால் போதுமா?

போதாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள் உள்ள குழுவில் ரிவ்யூவுக்கு வந்தால், கோடு பற்றிக் கேட்கும்போது பையன்கள் பேசுகிறார்கள், ரிப்போர்ட்டைக் கேட்டால் பெண்கள் நீட்டுகிறார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. 'உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்' என்று பத்தாம் வகுப்பில் ரெக்கார்ட் எழுத வைத்தது இங்கேயும் தொடர்கிறது. மாலை நாலரைக்குக் காலேஜ் பஸ் ஏற வேண்டியவர், ராத்திரி ஹாஸ்டலில் நடக்கும் வேலையில் சேரவே முடியாது. ஆறு மாதம் கழித்து கேம்பஸ் இன்டர்வியூவில் 'இதில் நீ எழுதியது எது?' என்று கேட்பார்கள். பிபிடி என்று பதில் சொல்லி வேலை வாங்க முடியாது.

அதனால் விதி இதுதான்: நான்கு பேரும் கோடு எழுத வேண்டும், நான்கு பேரும் ஆவணம் எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு அம்சம், டேட்டாபேஸிலிருந்து திரை வரைக்கும் முழுசாக. ரிவ்யூவில் யார் எதை விளக்குவது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, நான் சீட்டு எடுக்கிறேன்.

ஒருவருக்கொருவர் போடும் புள்ளி எப்படிக் கணக்காகிறது?

ஆளுக்கு 30 புள்ளி. அதை மற்ற மூவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும், தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது. எல்லோரும் சமமாக உழைத்தால் ஒவ்வொருவருக்கும் 30 வரும். உங்களுக்கு வந்ததை 30-ஆல் வகுத்து, குழு மார்க்கோடு பெருக்குவேன். குழுவுக்கு 60-க்கு 45 என்று வையுங்கள். 33 புள்ளி வாங்கியவருக்கு 1.1 மடங்கு, அதாவது 49.5. 24 வாங்கியவருக்கு 0.8 மடங்கு, அதாவது 36. மேலே 1.1, கீழே 0.8 என்பதுதான் எல்லை. 24-க்கும் கீழே யாருக்காவது வந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். ரெப்போவைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்வேன். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒருவரை ஓரம் கட்டுவதும் நடக்கும், அது கம்மிட் வரலாற்றோடு ஒத்துப்போகாது.

யார் யாருக்கு எவ்வளவு போட்டார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கோடில் எதைத்தான் பார்ப்பீர்கள்?

சரியான கணக்கு வருகிறதா என்று முதலில் பார்ப்பேன். இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டும் நம் ஊர் ப்ராஜெக்டுகளில் திரும்பத் திரும்ப வருபவை.

பீஸுக்கு 1 ரூபாய் 15 பைசா, 100 பீஸ். கூலி 115 ரூபாய். பைத்தானில் 1.15-ஐ 100-ஆல் பெருக்கிப் பாருங்கள், 114.99999999999999 என்று வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 114. கம்ப்யூட்டர் தசம எண்ணை இரண்டடிமானத்தில் வைக்கும்போது 1.15 துல்லியமாக உட்காராததுதான் காரணம். ஒரு தொழிலாளிக்கு ஒரு ரூபாய் குறைகிறது, அதுவும் வாரா வாரம். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். இதற்கு ஒரு டெஸ்ட் எழுதியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு மார்க் போடுவேன்.

இரண்டாவது, தமிழில் தேடுவது. 'கொடுமுடி' என்று ஊர்ப் பெயரைத் தட்டினால் சில சமயம் கிடைக்காது, திரையில் பார்த்தால் எழுத்தெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) ஒழுங்குபடுத்திவிட்டால் தீர்ந்தது. கோபியும் இதேபோல மாட்டும்.

பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறி) ரெப்போவில் இருந்தால் மார்க் குறையும். அடுத்த கம்மிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும். அழிப்பதோடு நிற்காமல் அந்தக் கீயையே ரத்துசெய்து புதிது எடுங்கள்.

சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். எங்கே, எதற்கு என்று ரீட்மீயில் ஒரு பத்தி எழுதுங்கள். எழுதாமல் விட்டு வைவாவில் 'இந்த ஃபங்ஷன் எதுக்கு?' என்று கேட்டு முழித்தால், அந்தப் பகுதிக்கு மார்க் இல்லை. உங்களுக்கு விளக்கத் தெரிந்த கோடு உங்களுடையது என்பதே என் கணக்கு.

பிற குழுவின் கோடை எடுத்து வேரியபிள் பெயரை மாற்றினால்?

தெரிந்துவிடும். ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிடைக்கும் மாஸ் போன்ற கருவிகள் பெயரைப் பார்ப்பதில்லை, கோடின் அமைப்பை ஒப்பிடுகின்றன. அது காட்டியதும் நான் தண்டனை கொடுத்துவிட மாட்டேன், இரண்டையும் அருகருகே வைத்து நானே படிப்பேன். எடுத்தவருக்கும் தெரிந்தே கொடுத்தவருக்கும் ஒரே விதி.

டவுனில் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கி வருவதும் இதில் சேரும். உங்கள் வீட்டில் அந்தப் பணத்தை எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய் அங்கே கொடுக்காதீர்கள்.

வைவாவில் தமிழில் பதில் சொல்லலாமா?

தாராளமாக. உங்களுக்குப் புரிந்திருக்கிறதா என்பதைத்தான் சோதிக்கிறேன், இங்கிலீஷை அல்ல. 'லூப் ஏன் இங்க நிக்குது' என்று தமிழில் தெளிவாகச் சொன்னால் முழு மார்க். உங்கள் கோடில் ஒரு வரியை நான் மாற்றிவிட்டு, என்ன ஆகும் என்று கேட்பேன். சின்னதாக ஒரு மாற்றத்தை அங்கேயே செய்யச் சொல்வேன். பயப்பட வேண்டாம், பத்து நிமிடத்தில் முடிகிற வேலைதான்.

கடைசித் தேதியில் ஊர் நோம்பி வருதுங்க.

செமஸ்டர் தொடங்கிய இரண்டாவது வாரத்துக்குள் சொல்லுங்கள். பங்குனியில் ஈரோட்டில் கம்பம், பண்ணாரியில் குண்டம், அப்புறம் ஊர் ஊராக மாரியம்மன் நோம்பி என்று வரிசையாக வரும். தேதி வைக்கும்போதே அதைப் பார்த்து வைக்கலாம். முதல் நாள் ராத்திரி சொன்னால் தாமதக் கணக்குதான்: நாளுக்குக் குழு மார்க்கில் 5 குறையும், மூன்று நாள் வரை. வீட்டில் துக்கம், உடம்பு சரியில்லை என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரு மெசேஜ் போதும்.

மெஷினின் தேதியைப் பின்னால் தள்ளி கம்மிட் போட்டால்?

கம்மிட் தேதி உங்கள் மெஷின் சொல்வது. புஷ் ஆன நேரம் சர்வர் சொல்வது. ஒப்படைப்புக்கு நான் சர்வர் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

டெமோ அன்று ஓடாமல் நின்றுவிட்டால்?

ஐந்து நிமிடம் தருகிறேன், சரிசெய்யுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நான்கு பேரும் எப்படிச் சேர்ந்து பிழையைத் தேடுகிறீர்கள் என்பதையும் கவனிப்பேன். அப்படியும் ஓடவில்லை என்றால் 'ஃபைனல்' டேகை என் மெஷினில் ஓட்டிப் பார்த்துத்தான் மார்க். ஒரு டெமோவில் சறுக்கியதற்காகப் பன்னிரண்டு வார வேலை போய்விடாது.

மார்க் குறைவாக வந்திருப்பதாக நினைத்தால்?

ஒரு வாரத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். எந்தப் பகுதிக்கு, ஏன், எந்த கம்மிட்டைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்' என்பதற்கு என்னால் எதுவும் செய்ய முடியாது. நீங்கள் காட்டிய இடத்தை நான் பார்க்காமல் விட்டிருந்தால் கட்டாயம் ஏற்றுவேன். மறுபடி பார்த்ததால் மார்க் இறங்காது, அந்தப் பயம் வேண்டாம்.

பாடம் முடிந்ததும் ரெப்போவைப் பப்ளிக் ஆக்கலாமா?

நான்கு பேரும் சம்மதித்தால் ஆக்கலாம், ரிசல்ட் வந்த பிறகு. கூடவே ஒரு லைசென்ஸ் ஃபைலும் போடுங்கள், எம்ஐடி லைசென்ஸ் எளிமையானது. யாருடைய கம்பெனிக் கணக்கைப் பார்த்துச் செய்தீர்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவருக்கே அது தேவைப்பட்டால், போய் நிறுவிக் கொடுத்து ஒரு மாதம் கூட இருந்து பாருங்கள். அங்கே வரும் பிழைகளையும் இஷ்யூவில் எழுதுங்கள், நான் படிக்கிறேன்.